அம்பு ஒட்டிய மூன்று இடங்கள்

அந்தச் சட்டைக் கம்பெனியில் ஊசிக்கண்ணு என்று சொன்னால்தான் அவளை எல்லோருக்கும் தெரியும். சோதனை மேசையில் நின்று, தைத்து வருகிற சட்டைகளைப் பார்ப்பது அவள் வேலை. காலர், கைப்பட்டி, பட்டன் பட்டி, அக்குள் தையல், கீழ் மடிப்பு என்று சட்டை அவள் கையில் ஒரு சுற்று சுற்றி வரும். தையல் ஒரே ஒரு இடத்தில் விட்டிருந்தாலும், மிளகளவு எண்ணெய்க் கறை இருந்தாலும் விரல் அங்கே நின்றுவிடும். உடனே மேசையோரத்துச் சுருளிலிருந்து ஒரு சிவப்பு அம்பை உரித்து, குறையைக் காட்டுகிற மாதிரி ஒட்டுவாள். ஒரு அம்பு இருந்தால் சட்டை தைத்தவளிடமே திரும்பிப் போகும். இரண்டு இருந்தால் கூடவே திட்டும் போகும். மூன்று இருந்தால் பேச்சுக்கே இடமில்லை, நேராகத் தள்ளுபடிப் பெட்டிதான்.

ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்று போனவள். பதினாலு வயதில் கம்பெனி வாசலில் நின்றபோது, பதினெட்டு என்று சொல்லச் சொன்னார்கள், சொன்னாள். அதற்கப்புறம் இருபத்தேழு வருடம் அதே கூரைக்கு அடியில் போய்விட்டது. நிஜ வயது நாற்பத்தொன்று, அட்டையில் நாற்பத்தைந்து. "நமக்கெல்லாம் வருஷத்துக்கு ஒரு வயசு. இவளுக்கு மட்டும் மொதல்லயே நாலு போனஸ்" என்று மெஷின்காரிகள் சிரிப்பார்கள். அவளும் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாள். வாயைத் திறந்து பதில் சொல்கிற வழக்கம் அவளுக்கு இல்லை.

இரண்டு வருடமாக அவள் உடம்பு அவள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மாதத்தில் மூன்று நாள் என்பது எட்டாகி, பன்னிரண்டாகி, கடைசியில் எந்த நாளில் நிற்கிறது என்று பார்க்க வேண்டியதாயிற்று. கறுப்புத் துணியாகவே உடுத்தினாள். மேசையை விட்டு நகரும்போதெல்லாம் நின்ற இடத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்வாள். ஒருநாள் சட்டைக் கட்டைத் தூக்கப் போனவள் அப்படியே கட்டின்மேல் சாய்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

"கர்ப்பப்பையில கட்டி. ஒண்ணு இல்ல, நாலு. எடுத்தாகணும்மா. உடம்புல ரத்தம் பாதிதான் இருக்கு. இப்படியே விட்டா, ஒருநாள் விழுந்த எடத்துல இருந்து எழுந்திருக்க மாட்டீங்க" என்றாள் டாக்டரம்மா.

ஆபரேஷனுக்கு ஆகிற செலவைக் கணவர் இரண்டு தடவை திருப்பிக் கேட்டார். அவர் பெரிய கட்டிடம் ஒன்றில் லிஃப்ட் ஓட்டுகிறவர். "நாள் முழுக்க மேல போறேன், கீழ வர்றேன். இன்னும் எங்கயும் போய்ச் சேரல" என்று தன்னையே கேலி செய்துகொள்கிற மனுஷன். அன்றைக்கு அந்தக் கேலி வரவில்லை. டாக்டரம்மாதான் ஒரு சீட்டில் முகவரி எழுதிக் கொடுத்தாள். ஏழைப் பெண்களின் ஆபரேஷனுக்கு உதவுகிற ஒரு அறக்கட்டளை.

விண்ணப்பம் போட்டார்கள். வீட்டை நேரில் பார்க்க ஒரு பெண் வருவாள் என்று தகவல் வந்தது. அவ்வளவுதான், அண்ணி வந்து இறங்கிவிட்டாள். அவள் ஊசிக்கண்ணுவின் அண்ணன் மனைவி, நாலு தெரு தள்ளி இருக்கிறாள். எந்த அலுவலகத்தில் எந்த ஜன்னல், எந்த ஃபாரத்தில் எந்தக் கட்டம் என்று அவளிடம் கேட்டால் தூக்கத்திலும் சொல்லுவாள்.

"மொதல்ல இந்த ஃபிரிட்ஜைத் தூக்குங்க. ஃபிரிட்ஜ் வச்சிருக்கிறவளுக்கு எவன் கொடுப்பான்?" என்றாள்.

"அது பாதி நாள் ஓடறதே இல்ல அண்ணி."

"ஓடாதுன்னு அது நெத்தியில எழுதியா இருக்கு?"

ஃபிரிட்ஜ் தள்ளுவண்டியில் ஏறி அண்ணி வீட்டுக்குப் போயிற்று.

வந்த பெண் சின்ன வயசு. அறையைப் படம் எடுத்தாள். ஒரு தாளில் வரிசையாகக் கட்டங்கள் இருந்தன. ஒவ்வொன்றாகக் கேட்டு 'இல்லை' பக்கம் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். சர்க்கரை இருக்கா? இல்லை. இருதயக் கோளாறு? இல்லை. ஆஸ்துமா, மூச்சுத் திணறல்?

ஊசிக்கண்ணு வாயைத் திறப்பதற்குள், பக்கத்தில் இருந்த அண்ணியின் முழங்கை அவள் விலாவில் ஏறியது.

"இல்லை" என்றாள் ஊசிக்கண்ணு.

உண்மையில் பதினைந்து வருடமாக அவளுக்கு இழுப்பு இருந்தது. பஞ்சுத் தூசி. அண்ணியைத் தவிர யாருக்கும் தெரியாது, கணவருக்கும் கம்பெனிக்கும்கூட. இழுக்கிறது என்று தெரிந்தால் ஏதாவது சாக்கு சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இரண்டு பேரை அப்படி அனுப்பியதை அவள் கண்ணால் பார்த்தவள். அதனால் மூச்சு விசிலடிக்கத் தொடங்கினால் அதை இருமலாக மாற்றிக்கொள்ளப் பழகியிருந்தாள். மெஷின் சத்தத்தில் இருமல் யாருக்கும் கேட்காது.

"வேற நோவு இருக்குன்னா தொடவே மாட்டாங்கடி. ஒரு நோவுக்குத்தான் பணம், ரெண்டு நோவுக்கு இல்ல" என்றாள் அண்ணி, அந்தப் பெண் படியிறங்கிய பிறகு. சரியாகத்தான் இருக்கும் என்று ஊசிக்கண்ணு நினைத்தாள். அண்ணிக்குத் தெரியாததா?

மூன்று வாரம் கழித்து ஒரு பெரிய உறை வந்தது. வீட்டில் அவள் மட்டும்தான் இருந்தாள். பிரித்தாள். மேலே ஆங்கிலத்தில் ஒரு கடிதம், ஒரு எழுத்தும் புரியவில்லை. அதற்கடியில் கோப்பு. முதல் தாளைத் திருப்பினாள். கீழே ஓரத்தில் ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது. இன்னும் நாலு தாள் தள்ளி இன்னொன்று. கடைசித் தாளில் மூன்றாவது.



மூன்று அம்பு. இருபத்தேழு வருடமாக அவள் கையாலேயே ஒட்டி ஒட்டித் தள்ளிய அதே சிவப்பு. அதே வடிவம். நம்மைப் பார்த்தவர்களும் ஒரு மேசையில் நின்று பார்த்திருக்கிறார்கள், நம்மிடமும் மூன்று குறை இருந்திருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. கோப்பைப் பழையபடி உறைக்குள் செருகி, அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டாள். கணவரிடம் சொல்லவில்லை. அண்ணியிடமும் சொல்லவில்லை. எதிர்வீட்டுப் பெண் கல்லூரியில் படிக்கிறவள், கொடுத்தால் ஒரு நிமிடத்தில் வாசித்துச் சொல்லியிருப்பாள். ஆனால் தள்ளுபடியானதை இன்னொருத்தி வாயால் கேட்க வேண்டுமா?

ஆறு நாள் அப்படியே போயிற்று. உதிரம் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு சட்டை பார்த்தாள். "என்ன ஊசிக்கண்ணு, இன்னிக்கு எல்லாச் சட்டையும் பாஸா? மனசு இளகிடுச்சா?" என்று மெஷின்காரி ஒருத்தி கேட்டாள். அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது, காலையிலிருந்து ஒரு அம்புகூட ஒட்டவில்லை என்று.

ஏழாம் நாள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், வேலைக்கு நுழையும்போது வாசல் பெட்டியில் போட்டுவிட்டுப் போக வேண்டிய போனை எடுத்ததும் அது கையிலேயே அடித்தது.

"அறக்கட்டளையில இருந்து பேசுறேன்மா. எத்தனை தடவை கூப்பிடுறது? கோப்பு வந்துச்சா, இல்லையா?"

"வந்துச்சு."

"அப்புறம் என்ன? அம்பு ஒட்டின மூணு எடத்தையும் முடிச்சுக் கொண்டாங்க. நாளையோட தேதி முடியுது. விட்டுட்டா மறுபடி மொதல்ல இருந்துதான்."

"சரி மேடம்" என்பதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது.

முடிச்சுக் கொண்டாங்க. கம்பெனியிலும் அதே வார்த்தைதான். அம்பு ஒட்டிய சட்டையை மேஸ்திரி மெஷின்காரியின் மடியில் போட்டு, 'முடிச்சுக் கொண்டா' என்பார். குறையைப் பிரித்துச் சரியாகத் தைத்துக் கொண்டுவர வேண்டும். அப்படியானால் இது இன்னும் தள்ளுபடிப் பெட்டிக்குப் போகவில்லை. சரிசெய்தால் ஒருவேளை எடுத்துக்கொள்வார்கள்.

ஆனால் எதைச் சரிசெய்வது?

மறுநாள் காலையில், கணவர் வேலைக்குக் கிளம்பியதும், ஜன்னல் வெளிச்சத்தில் தரையில் கோப்பை விரித்து உட்கார்ந்தாள். எழுத்து தெரியாவிட்டால் என்ன, கண் இருக்கிறதே. சட்டையைப் பார்க்கிற மாதிரி விரலை வைத்துத் தாள் தாளாகப் பார்த்தாள்.

முதல் அம்புக்கு நேர் மேலே ஒரு எண். 45. வயசைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

இரண்டாவது அம்பு இருந்த தாளில் வீட்டின் படம் ஒட்டியிருந்தது. சுவர் ஓரத்தில், ஃபிரிட்ஜ் நின்ற இடம் மட்டும் சதுரமாக வெளுத்துத் தெரிந்தது. தரையில் நாலு கால் தடம். இதைப் போய் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று எப்படி நினைத்தோம்? அவளாக இருந்தால் முதல் பார்வையிலேயே பிடித்திருப்பாள்.

மூன்றாவது, கட்டங்கள் உள்ள தாள். எல்லாக் கோடும் ஒரே பக்கம். கடைசிக் கட்டத்துக்குக் கீழே அம்பு.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். இது எப்படித் தெரிந்தது? அன்றைக்குப் பேசும்போது மூச்சில் சத்தம் வந்திருக்குமோ? கம்பெனியில் போய் விசாரித்திருப்பார்களோ? விசாரித்திருந்தால் இன்றைக்கோ நாளைக்கோ வேலையும் போய்விடும். ஆபரேஷனும் இல்லை, வேலையும் இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே மூச்சு இழுக்க ஆரம்பித்தது. சமையல் டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்த மருந்தை எடுத்து இரண்டு தடவை உறிஞ்சினாள். பிறகு எழுந்து கிளம்பினாள்.

அறக்கட்டளை அலுவலகம் மூன்றாவது மாடி. ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று, மூச்சு அடங்கிய பிறகே ஏறினாள். உள்ளே ஏசிக் குளிர். சுவர் நிறைய இரும்பு அலமாரி. கம்பளிச் சட்டை போட்ட ஒரு மேடம் மேசைக்குப் பின்னால் இருந்தார். பக்கத்து மேசையில் கணக்குப் பிள்ளை போல ஒருவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க, உக்காருங்க. முடிச்சுக் கொண்டாந்தீங்களா?"

அவள் உட்காரவில்லை. வழியெல்லாம் பேருந்தில் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததை, நிறுத்தினால் மறந்துவிடுமோ என்று ஒரே மூச்சில் கொட்டினாள்.

"முடிக்கத் தெரியல மேடம், நானே வாயால சொல்லிடுறேன். மொத அம்பு, வயசு. நாப்பத்தஞ்சு இல்ல, நாப்பத்தொண்ணு. வேலைக்குச் சேந்தப்ப கூட்டிச் சொன்னது. அதுவே அட்டையில ஏறிடுச்சு. ரெண்டாவது, ஃபிரிட்ஜ். எங்களுதுதான். அன்னிக்கு அண்ணி வீட்டுக்குப் போயிருந்துச்சு."

"ஃபிரிட்ஜா? விருந்துக்கா?" என்றார் தேநீர்க்காரர்.

"பழசு சார். பாதி நாள் ஓடாது."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் என்ன இருக்கிறது என்று அவளால் படிக்க முடியவில்லை. மூன்றாவதுதான் மிச்சம். இதைச் சொன்னால் போச்சு. சொல்லாவிட்டாலும் அம்பு அங்கேதான் இருக்கிறது.

"மூணாவது... எனக்கு இழுப்பு இருக்கு மேடம். பதினஞ்சு வருஷமா. இல்லன்னு சொன்னது பொய். கம்பெனிக்குத் தெரியாது. தெரிஞ்சா சீட்டைக் கிழிச்சிடுவாங்க."

மேடம் கோப்பை வாங்கி முதல் அம்பு இருந்த தாளைத் திருப்பி அவள் பக்கம் வைத்தார்.

"இந்த அம்பு எதைக் காட்டுது?"

"வயசை."

"நல்லாப் பாருங்க. முனை எங்க இருக்கு?"

பார்த்தாள். முனை எண்ணைத் தொடவில்லை. அதற்குக் கீழே ஒரு வெற்றுக் கோடு இருந்தது.

"அதுல நீங்க கையெழுத்து போடணும். அவ்வளவுதான். எங்க போடறதுன்னு தெரியாம கண்ட எடத்துல போட்டுடுறாங்கன்னு நான்தான் ஒட்டுவேன். மேல இருந்த கடிதத்தை யார்கிட்டயும் காட்டலையா? உங்க ஆபரேஷனுக்குப் பணம் கொடுக்க ஒத்துக்கிட்டாச்சும்மா. அதான் அந்தக் கடிதம்."

ஊசிக்கண்ணுவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. விளங்கியதும்தான் நிஜமான பயம் வந்தது. இதுவரை பயந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. யாரும் எதையும் கண்டுபிடிக்கவில்லை. பணம் வந்துவிட்டது. மூன்று கையெழுத்து போட்டிருந்தால் போதும். அவளே வந்து, அவள் வாயாலேயே, எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டாள்.

"மேடம், நான் சொன்னதை மறந்துடுங்க."

"வயசு, கம்பெனிக்கும் உங்களுக்கும் உள்ள கதை. டாக்டருக்கு மட்டும் நிஜ வயசைச் சொல்லிடுங்க. ஃபிரிட்ஜ் சமாச்சாரம் என் காதுல விழல. அவர் காதுலயும் விழல."

"டீ குடிக்கிறப்ப எனக்குக் காது கேக்காது" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

"ஆனா இழுப்பு காதுல விழுந்துடுச்சே. அதை எழுதாம என்னால இருக்க முடியாது."

"எழுதாதீங்க மேடம். உங்க காலைப் பிடிக்கிறேன். எனக்கு அடிக்கடி வராது. வந்தாலும் அடக்கிக்குவேன். பழக்கம்தான்."

"மயக்கம் கொடுத்தப்புறம் எப்படிம்மா அடக்குவீங்க?"

மேடம் தொலைபேசியை எடுத்து ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டார். மயக்க மருந்து டாக்டரைக் கேட்டார். ஊசிக்கண்ணுவுக்கு ஒரு பக்கப் பேச்சுதான் கேட்டது. "ஆமா டாக்டர்... பதினஞ்சு வருஷமாம்... இல்ல, எதுலயும் எழுதல... அப்படியா... ஓ... சரி... சரி."

மேடம் போனை வைத்தார்.

"திங்கக்கிழமை உங்களுக்கு நாள் குறிச்சிருந்தாங்க. அது இனிமே இல்ல. மொதல்ல நெஞ்சு டாக்டர் பாக்கணும். அவர் சரின்னாதான் ஆபரேஷன். பணம் ஓடிப் போகாது, இன்னிக்குக் கையெழுத்து போட்டுட்டா மூணு மாசம் நிக்கும்."

"அதுக்குள்ள அவர் சரின்னு சொல்லலேன்னா?"

மேடம் ஒரு டம்ளர் தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தினார். "கையெழுத்து போடுங்க" என்றார். மூன்று இடத்திலும் போட்டாள். மூன்றும் மூன்று விதமாக விழுந்தன.

விஷயம் தெரிந்ததும் அண்ணி ஆடித் தீர்த்துவிட்டாள். "கேக்காத கேள்விக்கு எவளாவது பதில் சொல்லுவாளா? நான் அந்தப் பாடு பட்டு மூடி வச்சதை, பஸ் பிடிச்சுப் போய்த் திறந்துட்டு வந்திருக்கா! திங்கக்கிழமை ஆகியிருக்க வேண்டியதுடி!"

கணவர் மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "பத்தொம்பது வருஷமா இவகிட்ட, சாப்பாடு போதுமான்னு கேட்டாக்கூட ரெண்டு வார்த்தை வாங்க முடியல. அங்க போய் மூணு கதை சொல்லியிருக்கா" என்றார். சிரிப்பதற்குத்தான் சொன்னார். ஆனால் அவர் குரல் சரியாக இல்லை. பிறகு மெல்லக் கேட்டார். "இழுப்புன்னு என்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்களுக்கும் ஒரு பயம் எதுக்குன்னுதான்."

நெஞ்சு டாக்டர் ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார். ஊதினாள். திரையில் கோடு ஏறவே இல்லை. தலையை ஆட்டிவிட்டு, மருந்து எழுதி, இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். இரண்டு வாரம் கழித்தும் தலையைத்தான் ஆட்டினார். இடையில் ஒருநாள் குளியலறைத் தரையில் அவள் உட்கார்ந்தது உட்கார்ந்தபடியே எழ முடியாமல் கிடக்க, கணவர் தூக்கிக்கொண்டு ஓட, ஆஸ்பத்திரியில் இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். அண்ணி தலைமாட்டில் நின்று அழுதாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் ஊசிக்கண்ணுவுக்கு அதிகப் பயமாக இருந்தது. அண்ணியே திட்டவில்லை என்றால் நிலைமை அவ்வளவு மோசமா?

இதற்கிடையில் கம்பெனியிலிருந்து யாராவது வருவார்களோ என்று வேறு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பெனிக்குக் கர்ப்பப்பையை மட்டும்தான் சொல்லியிருந்தது. யாரும் வரவில்லை. அலுவலகத்து மேடம் கம்பெனி காதில் எதையும் போடவில்லை.

மூன்றாம் தடவை ஊதியபோது கோடு பாதிக்குமேல் ஏறியது. டாக்டர் அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "போகலாம்" என்று எழுதினார். மூன்று மாதம் முடிய இன்னும் பதினொரு நாள் இருந்தது.

ஆபரேஷன் அறைக்குள் தள்ளிக்கொண்டு போனபோது பற்கள் கடகடவென்று அடித்துக்கொண்டன. குளிரா பயமா என்று அவளுக்கே பிரித்துத் தெரியவில்லை. முகத்தை மூடிய, மயக்க மருந்து கொடுக்கிற பெண் டாக்டர் குனிந்தாள். கண்கள் மட்டும் தெரிந்தன.

"இழுப்பு இருக்குன்னு தானாப் போய்ச் சொன்னது நீங்கதானா?"

"ஆமாம்மா. தெரியாமச் சொல்லிட்டேன்."

"தெரியாமச் சொன்னதே நல்லதாப் போச்சு. சொல்லாம அன்னிக்கே இங்க படுத்திருந்தீங்கன்னா, தொண்டைக்குள்ள குழாய் விடறப்ப மூச்சுக்குழல் இறுகிப் போய், உங்களைத் திருப்பி எழுப்ப முடியுமோ முடியாதோ."

அவள் அதைக் கேட்டுக்கொண்டே கூரை விளக்கைப் பார்த்தாள். அந்தத் திங்கட்கிழமையை நினைத்தாள். அண்ணி புதுத் துணி எடுத்துக்கொண்டு வந்து வெளியே காத்திருந்திருப்பாள். கணவர் லிஃப்டுக்கு லீவு சொல்லியிருப்பார். உள்ளே இதே மேசையில்... அதை நினைத்து முடிப்பதற்குள் விளக்கு மங்கியது.

கண் விழித்தபோது தொண்டை எரிந்தது. வயிற்றில் பாறாங்கல்லைத் தூக்கி வைத்த மாதிரி இருந்தது. மூச்சை இழுத்துப் பார்த்தாள். போயிற்று. விட்டுப் பார்த்தாள். வந்தது. மறுபடியும் இழுத்தாள். அடுத்தது வருமா வருமா என்று ஒவ்வொரு மூச்சுக்கும் காத்திருந்தாள்.

நர்ஸ் வந்து அட்டையும் பேனாவுமாக நின்றாள். "எப்படியம்மா இருக்கு? வலி ஏதும் இருக்கா?"

ஊசிக்கண்ணு உதட்டை நனைத்துக்கொண்டாள்.

"இருக்கு" என்றாள். எங்கெங்கே என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். நர்ஸ் எழுதிக்கொண்டாள்.